கெலுகோர் மழையும் சைக்கிள் அங்கியும்

மழையில் சைக்கிளில் செல்வோர்க்கு ஏற்ற அங்கி எது என்று மேலை நாட்டார் எழுதி வைத்திருக்கும் யோசனைகளெல்லாம், மழையும் குளிரும் இணைபிரியாமல் வந்து சேரும் தேசங்களின் அனுபவத்திலே விளைந்தவை. பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், பாலத்தின் தலைவாசலாய் அமைந்த கெலுகோரில் பெய்யும் மழையோ வெதுவெதுப்பானது. செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரையில், பிற்பகலில் கறுத்துத் திரண்டு ஒரு மணி நேரத்திற்குள் சாக்கடைகளை நிரப்பிவிட்டுப் போகும் அம்மழையின்போதும் காற்றின் உஷ்ணம் 24 அல்லது 25 பாகைக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அரிது. இந்த ஒரு வித்தியாசத்தை மனத்திற் கொள்ளாமல் விலையுயர்ந்த அங்கியை வாங்குகிறவர், வெளியே மழையிலும் உள்ளே வியர்வையிலும் ஒருங்கே நனைந்து வீடு திரும்புவார்.

நீர் புகாத வஸ்திரத்தின் சரித்திரத்தில் நம்மவர்க்கும் ஒரு பங்கு உண்டு. 1823-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்துச் சார்லஸ் மேக்கின்டாஷ் என்பவர், நாப்தா எண்ணெயில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய கோட்டு குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. கந்தகம் சேர்த்துச் சூடேற்றி ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு 1844-இல் குட்இயர் காப்புரிமை பெற்ற பிறகே அந்தக் குறை நீங்கிற்று. ரப்பரின் தேவையும் பெருகிற்று. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்திறங்கிய 22 நாற்றுகளிலிருந்து மலாயாவின் தோட்டங்கள் பரவியபோது, விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகளாகவே இருந்தன. மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டிய கோட்டின் வழியே ஓடாமல் மரமெங்கும் வழிந்து, மங்கு என்னும் கிண்ணத்திலே சேர்ந்ததும் நீரோடு கலந்து வீணாகிவிடுமாதலால், அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளிலே கூலியும் இல்லை. உலகத்தார் நனையாதிருப்பதற்கு வேண்டிய பாலைத் தந்தவர்களுக்கு மழை நாள் பட்டினி நாளாயிருந்தது என்பதை எழுதாமல் இப்பொருளைக் கடந்து செல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை.

ரப்பர் அங்கி மழையைத் தடுத்தது. வியர்வையையும் உள்ளே சிறைப்படுத்திற்று. இதற்குப் பரிகாரம் 1969-இல் அமெரிக்காவில் கிடைத்தது. பாப் கோர் என்பவர், டெஃப்ளான் என்று நாம் அறிந்த பொருளைச் சட்டென்று வேகமாக இழுத்தபோது அது அறுபடாமல், நுண்ணிய துவாரங்கள் நிறைந்த மெல்லிய ஜவ்வாக விரிந்தது. நீர்த்துளி நுழைய முடியாதபடி அத்தனை சிறியவையும், நீராவி தாராளமாக வெளியேறும்படி அத்தனை பெரியவையுமான அத்துவாரங்களே கோர்-டெக்ஸ் முதலிய துணிகளின் சூட்சுமம்.

ஆனால் அந்த ஆவியை வெளியே தள்ளுவது யார்? துணிக்குத் தானாக மூச்சுவிடும் சக்தி கிடையாது. உள்ளும் புறமும் உள்ள ஆவியழுத்தத்தின் ஏற்றத்தாழ்வே அதைச் செலுத்துகிறது. வியர்த்த சருமத்தின் மேல், 34 பாகை உஷ்ணத்தில், ஆவியின் அழுத்தம் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் பாதரசம். 5 பாகைக் குளிரில் மழை பெய்யும் ஊரிலே வெளிக்காற்றில் அது ஆறரை மில்லிமீட்டருக்கு மேற்படாது. ஆகவே முப்பத்து மூன்றுக்கும் அதிகமான வித்தியாசம் ஆவியை வெளியே உந்துகிறது. கெலுகோரில் 25 பாகையில் ஈரம் நிறைந்து நிற்கும் காற்றின் ஆவியழுத்தமோ ஏறத்தாழ 24. எஞ்சும் வித்தியாசம் பதினாறே. அதாவது, அதே அங்கி, அதே விலை, அதே ஜவ்வு, இங்கே பாதி வேலையைக்கூடச் செய்வதில்லை.

உடலோ அங்கிக்காகக் காத்திருப்பதில்லை. சைக்கிளை மிதிக்கும் மனிதனுடைய சக்தியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சக்கரத்திற்குப் போவதில்லை, மீதமெல்லாம் உஷ்ணமாகிறது. 100 வாட்டுத் திறனில் மிதிப்பவர் 300 வாட்டுக்குக் குறையாத சூட்டை வெளியேற்றியாக வேண்டும். அதை வியர்வையால் மட்டும் தணிப்பதானால் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த நீர் ஆவியாக வேண்டும். இந்த ஆவியை வெளியேற்றும் திறனாக அங்கியின் சீட்டிலே 20,000 கிராம் என்று அச்சிட்டிருப்பது, ஒரு சதுர மீட்டர் துணி வழியே 24 மணி நேரத்தில் வெளியேறும் ஆவியின் அளவு. அதுவும் பரிசோதனைக் கூடத்தில், கம்பெனிக்குக் கம்பெனி மாறுபடும் முறைகளில் கண்டது. அதை நம்பி ஒரு கம்பெனியின் அங்கியை மற்றொன்றோடு ஒப்பிடுதல் தகாது. 10,000 மில்லிமீட்டர் என்று காணும் மற்றோர் எண், துணியின் மேல் எத்தனை உயர நீர்த்தூண் நின்றால் கசிவு தோன்றும் என்பதைக் காட்டுவது. இவ்வூர்ச் சாலைகளுக்கு அது தாராளமாகப் போதும்.

ஆகையால் என் முடிபு இது: கெலுகோரில் ஜவ்வைக் காட்டிலும் திறப்புக்களே பிரதானம். அக்குளின் கீழே நீளமான ஜிப், முதுகில் மடிப்பால் மூடிய காற்றுவழி, கழுத்திலிருந்து கீழ்வரை திறக்கத்தக்க முன்புறம், உடலோடு ஒட்டாத தளர்ந்த வெட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். குனிந்து அமர்வோர்க்கு முதுகுப்புறம் நீண்டும், கை மணிக்கட்டைக் கடந்தும் இருத்தல் அவசியம். தையல்களின் உட்புறத்தில் நாடா ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தே வாங்க வேண்டும். துணி எவ்வளவு உயர்ந்ததாயினும் ஊசி துளைத்த வழியே நீர் நுழையும். மிண்டன் பல்கலைக்கழக வளாகத்துக்கு நிதானமாக மிதித்துச் செல்லும் மாணவருக்கு, கைப்பிடியின் மேல் கூடாரம்போல விரிந்து, கீழ்ப்புறம் முழுதும் திறந்திருக்கும் பழைய மாதிரிக் கேப்பே போதுமென்பேன். பலத்த காற்றில் மட்டும் அது ஆகாது.

ஜவ்வு அங்கிக்கு இத்தீவிலும் ஓர் இடம் உண்டு. பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியே மலையேறி பாலிக் புலாவ் பக்கம் இறங்குவோர், ஏற்றத்திலே வியர்த்து, இறக்கத்திலே மிதிக்காமல் விரையும்போது, ஈரச் சட்டையின் மேல் காற்று மோதி நடுக்கம் காண்பர். ஏறும்போது அங்கியைப் பையில் வைத்து, இறங்கும்போது அணிவது அவர்களுக்குத் தகும்.

நிறத்தைப் பற்றி இரண்டாவது அபிப்பிராயத்திற்கு இடமில்லை. மழைத்திரைக்குள் லிம் சோங் யூ விரைவுச்சாலையை ஒட்டிச் செல்பவர் கறுப்பு அணிவது அபாயம். பளிச்சென்ற மஞ்சளும், விளக்கொளியைத் திருப்பியடிக்கும் பட்டையும் வேண்டும்.

இவ்வூர்ச் சீதோஷ்ணம் அங்கியை அலமாரியிலேயே அழித்துவிடும். உட்பூச்சாக இடும் பாலியூரித்தேன் உஷ்ணத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து, பிசுபிசுத்து, பொருக்காக உரியும். உரிந்ததைச் செப்பனிட வழியில்லை. வெளித்துணியில் நீர் முத்தாக உருளாமல் ஊறத் தொடங்கினால், ஆவி செல்லும் வழியும் அடைபடும். அப்போது மிதமான சோப்பில் அலசி, மென்மையூட்டும் திரவம் எதுவும் சேர்க்காமல், குறைந்த சூட்டில் உலர்த்தினால், நீரை உருட்டிவிடும் மேற்பூச்சு பெரும்பாலும் மீளும். நனைந்த அங்கியைச் சுருட்டிப் பையில் விடாமல், அன்றிரவே உட்புறம் வெளியாகத் திருப்பி, மின்விசிறியின் கீழே தொங்கவிடுங்கள்.