கொங்கு நாட்டுச் சாலைகள் – 9: ஒற்றையடிப் பாதையும் கலெக்டர் துரையும்

வெல்லெஸ்லி பிரபுவின் ஆணைப்படி தென்னாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த டாக்டர் பிரான்சிஸ் புகானன், 1800-ஆம் வருஷம் அக்டோபரில் பவானிக் கரையிலுள்ள தணாயக்கன்கோட்டையில் தங்கி, நீலகிரி மலைமீது சிறிது தூரம் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பிய வரலாற்றைச் சென்ற வாரம் கண்டோம். அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. நீர் வெகுவாக வற்றும் கோடையில் மட்டும் அங்கிருந்த கோயிலின் கற்கள் வெளியே தெரிகின்றன.

அதன்பின் பத்தொன்பதாம் வருஷத்தில், 1819 ஜனவரியில், கோயமுத்தூர் ஜில்லாக் கலெக்டராயிருந்த ஜான் சலிவன் மலையேறப் புறப்பட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது. ஜமாபந்திக்காகக் கலெக்டர் துரை முகாம் புறப்பட்டால், கொறங்காட்டு வெள்வேல மரங்களுக்கும் கிளுவை வேலிகளுக்கும் ஊடே அவர் குதிரைமீது முன்னே செல்ல, கூடாரங்களைச் சுமந்த மாட்டு வண்டிகள் பின்தொடர்வது கொங்குச் சமவெளி நன்கறிந்த காட்சி. ஆனால் அடிவாரத்தோடு வண்டித்தடம் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் உள்ளது, படகர்கள் உப்புக்கும் துணிக்கும் சந்தைக்கு இறங்கியேறி, தலைமுறை தலைமுறையாகக் காலாலேயே தேய்த்து வைத்த ஒற்றையடிப் பாதைதான்.

சலிவன் நீலகிரியைக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சிறிதும் சம்மதமில்லை. 1603-இலேயே பெனீசியோ என்ற பாதிரியார் மலையாளத்திலிருந்து ஏறித் தோதவர்களைச் சந்தித்திருக்கிறார். 1812-இல் கீஸ், மக்மஹன் என்ற நில அளவையாளர்களும், 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற உதவிக் கலெக்டர்களும் ஏறியிருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்பே தோதவரும், கோத்தரும், படகரும், குறும்பரும், இருளரும் அங்கே வாழ்ந்திருக்க, எதை யார் கண்டுபிடிப்பது?

சலிவன் செய்த காரியம் வேறு. கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் தங்கி, அந்தச் சீதோஷ்ணத்தில் மனத்தைப் பறிகொடுத்துத் திரும்பிய அவர், சர்க்காரை விடாமல் வற்புறுத்தி, சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு மக்பெர்ஸன் என்ற ராணுவ அதிகாரியைக் கொண்டு 1821 முதல் 1823 வரை பாதை போடச் செய்தார். குதிரையும் மட்டக்குதிரையும் ஏறுவதற்கு அதுவே வழியாயிற்று. அவ்வழியே நிலந்தேடி வந்தவர்களும் ஏறினார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. சலிவன் தாமும் உதகையில் நிலம் வாங்கினார்; ஆயினும் அம்மண் தோதவருக்குச் சொந்தம், எடுத்துக்கொண்டால் கிரயம் கொடுக்கவேண்டும் என்று மேலதிகாரிகளோடு வாதாடியவரும் அவரே. அந்த வாதம் முழுமையாக ஏற்கப்பட்டிருந்தால் தோதவர்களின் மேய்ச்சல் வெளிகள் இவ்வளவு சுருங்கியிரா.

குன்னூர் வழியில் 1871-இல் புதிய மலைச்சாலை அமைந்து, 1873-இல் மேட்டுப்பாளையத்துக்கு ரயிலும் வந்த பிறகு, ரயிலைவிட்டு இறங்கிய அதிகாரிகள் குதிரை பூட்டிய டோங்காவில் மலையேறினார்கள். 1899-இல் குன்னூர் வரை ரயிலே ஏறிவிட, அந்தச் சாலையில் டோங்காக் குதிரைகளுக்கும் வேலையற்றுப் போயிற்று.