போர் நினைவுக் கற்களும் பஞ்சாயத்தின் கடமையும்

மார்க்கையன்கோட்டைப் பக்கத்திலிருந்து முதியோர் சிலர் அண்மையில் நம் அலுவலகத்திற்கு வந்திருந்தனர். பட்டாளத்திற்குப் போய் மடிந்த தம் பகுதியினருக்கு ஒரு நினைவுத் தூண் எழுப்ப வேண்டும், அதற்கு நிதி கிடைக்குமா என்பது அவர்களது கேள்வி. மார்க்கையன்கோட்டை பேரூராட்சியாதலால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வாராது. ஆயினும் கேள்வி நம் ஊராட்சிகள் அனைத்திற்கும் பொருந்துவதாகும். தூணில் யார் யார் பெயரைப் பொறிப்பது என்று நாம் கேட்டோம். நான்கு பெயர்களுக்கு மேல் அவர்களால் சொல்ல இயலவில்லை. இன்னும் பலர் போனார்கள், பெயர்தான் நினைவில்லை என்றனர். கல்லும் சிமெண்டும் எந்த ஆண்டிலும் வாங்கிக் கொள்ளலாம். பெயர்களை அவ்வாறு வாங்க இயலாது. ஆகவே அதைப் பற்றியே இங்கு விளக்க முற்படுகிறோம்.

தமிழ்நாட்டின் சில கிராமங்களில் பழைய சாவடியின் சுவரிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ ஒரு சிறு வெண்சலவைக்கல் பதிக்கப்பட்டிருப்பதை அங்கத்தினர்கள் கண்டிருக்கலாம். முதல் உலக யுத்தம் முடிந்தபின் அக்காலத்துச் சர்க்கார் பதித்தவை அவை. ஆங்கில வாசகம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே: இக்கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரையிலான மகா யுத்தத்திற்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பது. சண்டை 1918 நவம்பரிலேயே நின்றுவிட்டதே, கல்லில் 1919 என்றிருப்பது பிழையோ என்று ஐயுற வேண்டுவதில்லை. சமாதான உடன்படிக்கை 1919 ஜூனில்தான் கையெழுத்தாயிற்று.

அக்கல்லில் எண் உண்டு, பெயர் இல்லை. போனவர் யார், யாருடைய மகன், எந்த மண்ணில் விழுந்தார் என்பது ஒன்றும் இல்லை. அந்த யுத்தத்தில் இந்தியாவிலிருந்து பணியாற்றியோர் 13 லட்சத்திற்கு மேற்பட்டவர். உயிரிழந்தோர் ஏறத்தாழ 74,000 பேர். மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்திற்குச் சிப்பாய்களாகச் சேர்ந்து, இன்று ஈராக் எனப்படும் மெசபடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பிரான்சிலும் போரிட்டவர்கள் அவர்கள். எல்லோரும் துப்பாக்கி ஏந்தியவர்களுமல்லர். சமையற்காரர், தண்ணீர் சுமந்தோர், கோவேறு கழுதை ஓட்டியோர், பாதை வெட்டிய கூலிகள் ஆகியோரும் லட்சக்கணக்கில் அந்தத் தொகையில் அடங்குவர்.

கல்லில் பெயரில்லாதது அவ்வளவு பெரிய குறையா என்று கேட்போருக்கு நம் மாவட்டத்து மண்ணே விடை கூறுகிறது. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றிலுள்ளவை தமிழ்-பிராமி எழுத்துகள். காலம் கி.மு. மூன்று அல்லது இரண்டாம் நூற்றாண்டு எனக் கணித்துள்ளனர். அவற்றுள் ஒன்று, பேடு தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். கூடல் ஊரில் நிகழ்ந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், அவன் மடிந்தான் என்பது அதன் செய்தி. அக்கூடல் ஊர் நம் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூராகவே இருக்கக்கூடும் என்று கருதுவோரும் உண்டு. மாடு பிடிக்கும் சண்டையில் இறந்த ஒருவனுக்கு, அவன் பெயரையும் இறந்த ஊரையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் நாமும் அவன் பெயரைப் படிக்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து போனவனுக்கோ எண்ணிக்கையில் ஓர் இடந்தான் கிடைத்தது. நம் வட்டாரத்தில் புலிக்குத்தி என்று ஓர் ஊரே இருக்கிறது. புலியோடு பொருது மாண்டவருக்குக் கல் நட்ட வழக்கத்தை அப்பெயர் நினைவூட்டவில்லையா?

இக்குறை கிராமத்துக் கல்லோடு நிற்கவில்லை. 1931-இல் திறக்கப்பட்ட தில்லி இந்தியா கேட் ஏறத்தாழ 70,000 வீரர்களின் நினைவாக எழுந்தது. அதில் பொறித்த பெயர்கள் 13,000-க்குச் சற்று மேல். ஈராக்கிலுள்ள பாஸ்ரா நினைவகத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தார்கள்; சாதாரணச் சிப்பாய்களைப் பட்டாளவாரியாக எண்ணிக்கையில் மட்டும் குறித்தார்கள். இறந்தோர் அனைவரையும் சமமாக நினைவுகூர வேண்டிய கடமை இவ்வாறு தவறிற்று என்பதை, பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பிரான்சில் நெவ் ஷப்பேலில் 1927-இல் திறந்த நினைவகத்தில் மட்டும் கல்லறையற்ற இந்தியர் 4,700-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன.

இவ்வாணையத்தின் பதிவேடுகளை இன்று இணையத்தின் வாயிலாக எவரும் பார்க்கலாம். பல பதிவுகளில் தந்தை பெயர், ஊர், தாலுகா, ஜில்லா என்பவையும் உண்டு. தேடுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அக்காலத்தில் தேனி மாவட்டமும் இல்லை, உத்தமபாளையம் தாலுகாவும் இல்லை. நம் ஊர்கள் மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகாவின் கீழ் இருக்கும். ஊர்ப் பெயரையும் ஆட்பெயரையும் ஆள்சேர்ப்புக் குமாஸ்தா தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். மார்க்கையன்கோட்டை என்னும் நீண்ட பெயர் அவர் கையில் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். ஒரு முறை தேடிக் கிடைக்காவிடில் வேறு எழுத்துக் கூட்டலில் மீண்டும் தேடுக.

ஊரில் பதிவே இல்லாமல் போனவர்கள் இன்னொரு வகையினர். பிழைப்புத் தேடி மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போய், அங்கேயே படைவீரரானவர்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபின், ரப்பர்த் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் பெண்களும் சேர்ந்தனர். அவ்விராணுவத்தின் பெயரறியா வீரனுக்காக 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் இடித்துத் தள்ளினர். அவ்விடத்தில் 1995-இல்தான் ஓர் அடையாளக்கல் வைக்கப்பட்டது. படைவீரரல்லாதோர் நிலை இன்னும் துயரமானது. 1942-43-இல் சயாம்-பர்மா இரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோன மலேயாத் தமிழர் பல்லாயிரவர் காட்டில் மடிந்தனர். அவர்களுக்காகத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் 2023-இல் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. அங்கும் பெயர்ப் பட்டியல் முழுமையாக இல்லை. எவரும் எழுதி வைக்கவில்லை.

சுதந்திர வெள்ளி விழாவின்போது, 1972-73-இல், பல ஒன்றிய அலுவலகங்களின் முன் தியாகிகளின் பெயர் பொறித்த தூண்கள் எழுப்பப்பட்டன. தூசு தட்டிப் படித்துப் பாருங்கள். ஆனால் வெளிநாட்டிலேயே மடிந்தவரும், திரும்பி வந்தும் மனுப் போடத் தெரியாதவரும் அவற்றில் ஏறியிருக்க வாய்ப்புக் குறைவு. தில்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகமோ சுதந்திரத்திற்குப் பின் மடிந்தவர்களுக்கு உரியது. இந்த இடைப்பட்டவர்களின் பெயர்களை எழுத ஊரைத் தவிர வேறு ஆளில்லை.

ஆகவே தூணுக்கு மதிப்பீடு போடுமுன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவது நலம். போனவர் பெயர், தந்தை பெயர், எந்தப் படை, எந்த ஆண்டு, திரும்பினாரா, சொன்னவர் யார் என்பவற்றை எழுதுக. எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டிகளை முதலிற் கேட்பது நல்லது. பேரன்மார் அறியாத மாமன் மச்சான் பெயரெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எழுதியதைக் கிராம சபையில் உரக்கப் படித்தால் விடுபட்டவையும் தவறானவையும் அங்கேயே தெரிந்துவிடும். சமையற்காரரையும் கூலியையும் விட வேண்டாம். சாதிப் பெயர் வேண்டாம். அகர வரிசையே போதும். பின்னர்த் தூண் எழுமாயின், அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர் பெயர்களை இறந்தவர் பெயர்களைவிடப் பெரிய எழுத்தில் வெட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். நம் பெயரும் அதில் வேண்டியதில்லை.

வீட்டுப் பெட்டிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் யுத்தத்து மெடல்களின் விளிம்பில் உரியவரின் எண், பெயர், பட்டாளம் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். வெள்ளிக்காக அவற்றை உருக்கிய குடும்பங்கள் எத்தனையோ. இனியாவது கடைக்குப் போகுமுன் விளிம்பைப் படித்து எழுதிக் கொள்க. இறந்தவரின் வீட்டாருக்கு ஏறத்தாழ ஐந்து அங்குல அகலத்தில் ஒரு வட்ட வெண்கலத் தகடும் வழங்கப்பட்டது. அதிலும் அவர் பெயர் உண்டு. பதவி இல்லை, சிப்பாய்க்கும் தளபதிக்கும் ஒரே தகடுதான்.

சுவரில் பதித்த பழங்கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன்மேல் சுண்ணாம்போ பெயிண்டோ பூசலாகாது. பழுதடைந்த சாவடியையும் பள்ளிக் கட்டடத்தையும் இடிக்கத் தீர்மானம் நிறைவேற்றுமுன் தலைவரும் செயலரும் நேரிற் சென்று சுவர்களைப் பார்க்க வேண்டும். கல் இருப்பின், ஒப்பந்தக்காரர் வேலையைத் தொடங்குமுன் உடையாமல் பெயர்த்தெடுத்து, ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் பதிந்து, புதுக் கட்டடத்தின் முன்சுவரில் மீண்டும் பதிக்கச் செய்க.