தடுப்பு மருந்து கொடுத்தும் கோழிகள் சாவது ஏன்?

"வெள்ளைக்கழிச்சலுக்கு முறையாக மருந்து கொடுத்தேன். அப்படியும் பாதிக் கோழி செத்துப்போச்சு. மருந்து போலியா?" நாட்டுக்கோழி வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மருந்து கெட்டுப்போயிருக்கலாம். ஆனால், மருந்து நன்றாக இருந்தும் அதை ஏற்றுக்கொள்ளும் நிலையில் கோழியின் உடல் இல்லாமல் போவதும் உண்டு.

எதிர்ப்பு சக்தி உருவாகும் இடங்கள்

தடுப்பு மருந்து கிருமியைக் கொல்வதில்லை. வீரியம் குறைந்த கிருமியை உடலுக்கு அடையாளம் காட்டுகிறது, அவ்வளவுதான். கிருமியை எதிர்ப்பவை லிம்போசைட் எனப்படும் வெள்ளையணுக்கள். இவற்றில் 'டி' அணுக்கள் கழுத்திலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன. எதிர்ப்பொருளை உண்டாக்கும் 'பி' அணுக்கள் மனிதர்களுக்கு எலும்பு மஜ்ஜையில் முதிர்கின்றன. கோழிக்கோ, எச்சத் துவாரத்துக்கு மேலே உள்ள 'பர்சா' என்ற சிறு பையில் முதிர்கின்றன.

1956-ல் அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வாளர், பர்சா நீக்கப்பட்ட கோழிகளுக்குக் கிருமியைச் செலுத்தியபோது பெரும்பாலானவற்றில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை. 'பி' என்ற பெயரே பர்சாவின் முதல் எழுத்துதான்.

பர்சாவில் முதிர்ந்த அணுக்கள் மண்ணீரல் போன்ற உறுப்புகளில் போய்த் தங்குகின்றன. ஆடு, மாடுகளுக்கு இருப்பது போன்ற நிணநீர்க் கணுக்கள் கோழிக்கு இல்லாததால் மண்ணீரலின் பொறுப்பு அதிகம். இரத்தத்தில் வரும் கிருமியை அது வடிகட்டிப் பிடிக்கிறது. அங்குள்ள பி அணுக்கள் பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. இதற்குச் சில நாட்கள் தேவை. நோய் வந்த பிறகு மருந்து கொடுத்துப் பயனில்லாததற்குக் காரணம் இதுதான்.

கம்போரோ செய்யும் கேடு

கம்போரோ வைரஸ் பர்சாவிலுள்ள பி அணுக்களையே தாக்குகிறது. 3 முதல் 6 வார வயதில் வந்தால் வெள்ளை நிற நீர்க்கழிச்சல், சோர்வு, இறப்பு என்று வெளியே தெரியும். 3 வாரத்துக்குள் வந்தாலோ குஞ்சு நன்றாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் பர்சா சுருங்கிவிடும். அதன் பிறகு கொடுக்கும் வெள்ளைக்கழிச்சல் மருந்துக்குப் போதுமான எதிர்ப்பொருள் உருவாகாது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கில் உள்ள அஃப்ளாடாக்சின் நச்சும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்.

செய்ய வேண்டியவை

* 7-ம் நாள் லசோட்டா, 14-ம் நாள் கம்போரோ, 28-ம் நாள் மீண்டும் லசோட்டா, 8-ம் வாரம் இறக்கையின் தோலுக்கு அடியில் ஆர்.டி.வி.கே. ஊசி என்பது பொதுவான அட்டவணை. உங்கள் பகுதிக்கு ஏற்ற நாட்களைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
* கம்போரோ மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.
* மருந்தை ஐஸ் வைத்த பெட்டியில் எடுத்து வாருங்கள். கலக்கிய மருந்தை 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.
* குடிநீரில் கொடுத்தால் குளோரின் கலக்காத தண்ணீரில், லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் சேர்த்துக் கொடுங்கள்.
* நோயுற்ற கோழிகளுக்குத் தடுப்பு மருந்து கொடுக்காதீர்கள்.
* கம்போரோ வைரஸ் கொட்டகையில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். பழைய எருவை முழுவதும் அகற்றி, கிருமிநாசினி தெளித்த பிறகே புதுக் குஞ்சுகளை விடுங்கள்.

கோழி இறந்தால் உடனே புதைத்துவிடாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். பிரேதப் பரிசோதனையில் பர்சாவையும் மண்ணீரலையும் பார்த்தால் காரணத்தை அறிய வழியுண்டு. அடுத்த தொகுதிக் குஞ்சுகளையாவது காப்பாற்றலாம்.