கடனாளிகளுக்குத் திறக்கப்படாத கதவு

புது தில்லி: மாநிலங்களவையில் 2022 பிப்ரவரியில் உள்துறை இணை அமைச்சர் நித்யானந்த் ராய் அளித்த பதில் ஒன்றில் மூன்று எண்கள் இருந்தன. திவால் நிலை அல்லது கடன் சுமை காரணமாக உயிரை மாய்த்துக்கொண்டோர் 2018-ல் 4,970 பேர். 2019-ல் 5,908 பேர். 2020-ல் 5,213 பேர். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தொகுத்த கணக்கு இது. அரசு என்ன செய்கிறது என்பதற்கு மாவட்ட மனநலத் திட்டமும் வேலைவாய்ப்புத் திட்டங்களும் எடுத்துரைக்கப்பட்டன.

மனநலத் திட்டம் தேவையில்லை என்று எவரும் கூறமாட்டார்கள். ஆனால், கடன் பற்றிய கவலை மற்ற கவலைகளைப் போன்றதல்ல. அதற்குத் தேதி உண்டு, தொகை உண்டு, வாசலில் வந்து நிற்கும் ஆள் உண்டு. தவணை தவறியவரின் உறக்கத்தைக் கெடுப்பது தொகையின் அளவு மட்டுமன்று. இது எங்கே போய் முடியும் என்று தெரியாத நிலையும்தான். எவ்வளவு முயன்றும் கட்ட முடியாமல் போனால் அதன் பிறகு என்ன என்ற கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை இருந்தால், பாரத்தில் ஒரு பகுதியாவது இறங்கும். அந்த விடையை நாடாளுமன்றம் 2016-லேயே எழுதிவிட்டது. அது நடைமுறைக்குத்தான் வரவில்லை.

சட்டத்தில் இருப்பது

நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தை மக்களவை 2016 மே 5-ம் தேதியும், மாநிலங்களவை மே 11-ம் தேதியும் நிறைவேற்றின. டி.கே. விஸ்வநாதன் தலைமையிலான குழு 2015 நவம்பரில் அளித்த அறிக்கை இதற்கு அடிப்படையாக அமைந்தது. எஃகு ஆலைகளின் வாராக்கடன், மூடப்பட்ட விமான நிறுவனங்களின் நிலுவை ஆகியவற்றை ஒட்டியே இச்சட்டம் பேசப்பட்டு வருகிறது. அதன் மூன்றாம் பாகம் தனிநபர்களுக்கானது என்பதும், அதில் ஏழைக் கடனாளிகளுக்கென்றே "புதிய தொடக்கம்" என்ற பெயரில் 80 முதல் 93 வரையிலான பிரிவுகள் உள்ளன என்பதும் பலர் அறியாதவை.

ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மிகாதவர், சொத்து மதிப்பு 20,000 ரூபாய்க்கு மிகாதவர், சொந்த வீடு இல்லாதவர், தகுதிக்குரிய கடன் 35,000 ரூபாய்க்கு மிகாதவர் இதன்கீழ் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் 180 நாள்களுக்கு அந்தக் கடன்களை வசூலிக்க எவரும் சட்ட நடவடிக்கை எடுக்க முடியாது. அதன் முடிவில் அக்கடன்களிலிருந்து அவர் விடுவிக்கப்படுவார். அடகு வைத்துப் பெற்ற கடன், கல்விக் கடன், நீதிமன்றம் விதித்த அபராதம், ஜீவனாம்சம் ஆகியவை இதில் சேரா. விண்ணப்பிப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வாங்கிய கடனும் சேராது. வேண்டுமென்றே கடன் வாங்கிவிட்டு விண்ணப்பத்துடன் வந்து நிற்பதைத் தடுக்கும் ஏற்பாடு இது. கடன் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று அஞ்சுவோருக்குச் சட்டத்திலேயே பதில் வைக்கப்பட்டுள்ளது.

மூன்றாம் பாகம் 2019 டிசம்பர் 1-ம் தேதி அமலுக்கு வந்தது. ஆனால், நிறுவனங்கள் வாங்கிய கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் அளித்தவர்களுக்கு மட்டும். அதாவது, பெரும்பாலும் தொழிலதிபர்களுக்கு. உச்ச நீதிமன்றமும் 2021 மே மாதம் இந்தப் பகுதி அமலாக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வங்கிகளுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் பகுதி உடனடியாகத் தேவைப்பட்டிருக்கிறது. ஏழைக்குக் கடன் தள்ளுபடியாகும் பகுதிக்கு அந்த அவசரம் காட்டப்படவில்லை.

இடைப்பட்ட காலத்தில் அந்த உச்சவரம்புகளும் பழையதாகிவிட்டன. 2019-ல் நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி நிலுவைக் கடன் 74,121 ரூபாய். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்குப் பிணையின்றித் தரும் கடனையே நுண்கடன் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வரையறுத்தது. ஒன்று குடும்பக் கணக்கு, மற்றொன்று தனிநபர் கணக்கு என்றாலும், கடன் கொடுக்கும்போது ஓர் அளவுகோலும் விடுவிக்கும்போது வேறோர் அளவுகோலும் இருப்பதை மறைக்க இயலாது.

மஞ்சள் நோட்டீஸ்

புதிய சட்டம் அமலாகாததால் பழையவையே தொடர்கின்றன. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909-ம் ஆண்டுச் சட்டம். பிற பகுதிகளுக்கு 1920-ம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். தமிழகத்தில் "மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பது" என்றும் "ஐ.பி. கொடுப்பது" என்றும் வழங்கப்படுவது இதுதான். 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுச் செய்யலாம் என்ற அந்தக் காலத்து வரம்பு ஏட்டில் அப்படியே உள்ளது. ஆனால், ஊரார் பார்வையில் அது ஏமாற்றுக்காரரின் வழியாகவே கருதப்படுவதால், மானத்துக்கு அஞ்சுகிற குடும்பங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. புதிய சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று இந்தக் களங்கத்தை நீக்குவது.

தீர்ப்பாயங்களின் எண்ணிக்கையும் ஒரு தடை. நாடு முழுவதற்கும் 39 கடன் வசூல் தீர்ப்பாயங்களே உள்ளன. தமிழகத்தில் சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்று நகரங்களில் மட்டும். 35,000 ரூபாய்க் கடன்காரர் ஒருவர் தருமபுரியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ எத்தனை முறை வந்து போவார்? பழைய சட்டமாவது மாவட்ட நீதிமன்றத்தில் முடிந்துவிடுகிறது.

கைவசம் உள்ள பாதுகாப்புகள்

கடன் கட்டாவிட்டால் சிறை என்ற அச்சமே பலரை வாட்டுகிறது. கட்ட வழியில்லாதவரை, அந்த இயலாமைக்காக மட்டும் சிறையில் அடைக்க முடியாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980-லேயே தீர்ப்பளித்துள்ளார். கடன் வழக்கு என்பது உரிமையியல் வழக்கு. காசோலை திரும்பினால்தான் அது குற்ற வழக்காகிறது. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளைக் கடன் தருவோர் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதன் சூட்சுமமும் அதுவே.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்தாரர்களை வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது, உறவினர் நண்பர்களிடம் அவமானப்படுத்தக் கூடாது என்று வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நுண்கடனுக்கு இந்த நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை மட்டுமே என்று அதே ஆண்டு வகுக்கப்பட்டது. நுண்கடன் வசூல் கெடுபிடிக்கு எதிராகக் கர்நாடகம் 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தமிழகப் பேரவை அதே ஆண்டு ஏப்ரலில் மசோதா நிறைவேற்றியது. கந்து வட்டிக்கு எதிரான தமிழகச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. இவை மிரட்டலைத் தடுக்கின்றனவே தவிர, கடனை முடித்து வைப்பதில்லை.

ஆலோசனை கூற ஆள் உண்டா என்றால், அதிலும் ஒரு சறுக்கல். கடன் ஆலோசனை மையங்களை அமைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2009-ல் திட்டம் வகுத்தது. 2012-ல் அவை நிதிக் கல்வி மையங்களாயின. பெயரிலிருந்து "கடன் ஆலோசனை" உதிர்ந்தது. சேமிப்பைப் பற்றிப் பாடம் எடுப்பது எளிது. நான்கு நிறுவனங்களுக்கு வாரத்தவணை கட்டும் பெண்ணின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, எதை முதலில் தீர்ப்பது, யாரிடம் அவகாசம் கேட்பது என்று கூறுவது கடினம். தேவைப்படுவது அந்தக் கடினமான பணியே. மன உளைச்சல் மிகும்போது பேசுவதற்கு மத்திய அரசின் "டெலி மானஸ்" சேவை 14416 என்ற எண்ணில் 2022 அக்டோபர் முதல் உள்ளது, தமிழிலும் பேசலாம்.

2016-க்குப் பின் நொடிப்புச் சட்டம் 2021-க்குள் ஆறு முறை திருத்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதாவிலும் நிறுவனங்களின் நொடிப்பே பெரும்பகுதி. புதிய தொடக்கப் பிரிவுகளின் உச்சவரம்பை உயர்த்தத்தான் திருத்தம் வேண்டும். அவற்றை அமலுக்குக் கொண்டுவர இரு அவைகளும் கூட வேண்டியதில்லை. அரசிதழில் மத்திய அரசின் ஓர் அறிவிக்கை போதும். கடன் சுமையால் இறந்தோர் எத்தனை பேர் என்று கேட்கும் உறுப்பினர்கள், அந்த அறிவிக்கை எப்போது வெளியாகும் என்ற துணைக் கேள்வியையும் எழுப்பலாம்.