மங்கிய எழுத்தும் ஒரு விளையாட்டும்

சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டிலுள்ள அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் எண்ணெய்க் கறை பல வரிகளை அழித்துவிட்டது. ‘வெண்பா’ என்னும் கணினி விளையாட்டு அத்தகைய கறையையே கதையாக்குகிறது. டொராண்டோவின் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு குழு 2023இல் வெளியிட்ட இதில், 1988இல் கனடாவில் வாழும் தமிழ்த் தம்பதியின் கதை உரையாடல்களாக விரிகிறது; இடையிடையே சமையல் புதிர்கள். சிதைந்த குறிப்பேட்டில் விடுபட்ட படிகளை ஊகித்தே இட்லி அவிக்க வேண்டும். தவறினால் மீண்டும் முயலலாம். தமிழில் தடுமாறும் மகன் கவினுக்கோ தாயின் எழுத்தே புதிராகிறது. ஆட்டம் கதையைக் குறுக்கிடவில்லை. அதுவே கதையைச் சொல்கிறது. 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது.

எங்களூர்ச் சுங்குடிக்கு முடிச்சிடுவதும் பார்த்துப் பழகிய கைப்பக்குவமே. வாழ்க்கையில் மறு ஆட்டம் இல்லை. கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.