மூலிகைக்கும் ஒரு தேர்வு: கிள்ளான் பப்பாளி இலை தரும் பாடம்

உணவே மருந்து, மருந்தே உணவு என்னும் எண்ணத்தோடு வளர்ந்தவர்கள் நாம். காய்ச்சலுக்கு நிலவேம்பு, சளிக்குக் கற்பூரவல்லி, மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி. தோட்டப்புறங்களில் மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில் இத்தகைய கைமருந்துகளே நம் தாத்தா பாட்டிகளுக்குத் துணை நின்றன. இன்றும் கிள்ளான் வட்டாரத்தில் ஒரு வீட்டில் டிங்கி காய்ச்சல் என்று தெரிந்தால் போதும். பப்பாளி இலைச் சாறு கொடுத்தீர்களா என்று அக்கம்பக்கத்தார் கேட்டுவிடுவர்.

இந்த மருந்துகள் உண்மையிலேயே வைரஸ் நோய்களுக்கு எதிராக வேலை செய்கின்றனவா? இக்கேள்வியைக் கேட்பது முன்னோரை அவமதிப்பதாகாது. அவர்கள் விட்டுச் சென்றதை அக்கறையோடு எடுத்துக்கொள்பவர்தாம் இக்கேள்வியைக் கேட்க முடியும்.

"குடித்தேன், குணமானேன்" போதுமா?

டிங்கி கண்டவரின் இரத்தத்தில் தட்டணுக்களின் எண்ணிக்கை சில நாள்களில் வெகுவாகக் குறைகிறது. ஆபத்துக் கட்டம் கடந்ததும் பெரும்பாலோருக்கு அது தானாகவே மீண்டும் உயர்கிறது. எண்ணிக்கை மிகவும் குறைந்த நாளில் ஒருவர் பப்பாளிச் சாறு குடித்தார் என்று கொள்வோம். மறுநாள் எண்ணிக்கை உயர்ந்தால் பாராட்டு யாருக்கு? சாற்றுக்கா, உடலுக்கா? ஒருவரை மட்டும் பார்த்து இதற்கு விடை கூற இயலாது. சாறு குடித்த பலரையும் குடிக்காத பலரையும் ஒரே நிலைமையில் வைத்து ஒப்பிட வேண்டும். யார் எந்தக் குழுவில் சேர வேண்டும் என்பதை மருத்துவரின் விருப்பம் அல்ல, குலுக்கல் முறையே முடிவு செய்ய வேண்டும்.

கிள்ளானில் நடந்த சோதனை

இத்தகைய ஒப்பீடு நம் கிள்ளானிலேயே நடந்துள்ளது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. மலேசிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வாளர்கள் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் டிங்கி நோயாளிகளிடம் இச்சோதனையை நடத்தி, 2013-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். 228 நோயாளிகளின் விவரங்கள் அதில் இடம்பெற்றன. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, 50 கிராம் பப்பாளி இலையிலிருந்து பிழிந்த சாறு நாளுக்கு ஒருமுறை வீதம் மூன்று நாள்களுக்குத் தரப்பட்டது. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே. 48 மணி நேரத்திற்கு, எட்டு மணிக்கு ஒருமுறை இரத்தம் சோதிக்கப்பட்டது.

முதல் சாறு கொடுத்த 40 மணி நேரத்திற்குப் பிறகு, சாறு குடித்தவர்களின் சராசரித் தட்டணு எண்ணிக்கை மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. தட்டணுக்களோடு தொடர்புடைய இரு மரபணுக்கள் அவர்களிடம் 13 முதல் 15 மடங்கு அதிகமாகச் செயல்பட்டதும் தெரிய வந்தது.

அப்படியானால் பாட்டி வென்றுவிட்டாரா? அவசரப்பட வேண்டாம். இச்சோதனையில் வெற்றுச் சாறு எதுவும் தரப்படவில்லை. யார் சாறு குடிக்கிறார் என்பது அனைவருக்கும் தெரியும். தட்டணுக்களை எண்ணுவது கருவி என்பதால் இக்குறையைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கேள்வி வேறு. டிங்கியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவன்று. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து, இரத்த அழுத்தம் சரிவதே. தட்டணு உயர்ந்ததால் கசிவு குறைந்தது, உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று இச்சோதனை காட்டவில்லை. சாறு வைரஸை அழிக்கிறது என்றும் அது கூறவில்லை. இரண்டு நாள் இரத்த எண்ணிக்கை குறித்த கேள்விக்கு மட்டும் அது நேர்மையாக விடை தந்தது.

கண்ணாடிக் குடுவையும் மனித உடலும்

சோதனை பல படிகளைக் கொண்டது. முதற்படி ஆய்வுக்கூடம். ஒன்பது மூலிகைகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரின் சாறு, சிக்குன்குன்யா, டிங்கி வைரஸ்களுக்கு எதிராக உயிரணுக்களில் செயல்படுவதை இந்திய ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டனர். இது நல்ல தொடக்கம். ஆனால் குடுவையில் வைரஸை ஒடுக்கும் பொருள்கள் ஏராளம். சவர்க்காரமும் அதைச் செய்யும்! குடித்த கசாயம் குடலைக் கடந்து, கல்லீரலைக் கடந்து, போதிய அளவில் இரத்தத்தை அடைகிறதா, அந்த அளவில் உடலுக்குக் கேடு செய்யாமல் இருக்கிறதா என்பதை அடுத்த படிகளே சொல்லும்.

மனிதரிடம் ஒருமுறை வென்றாலும் தேர்வு முடிவதில்லை. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெப்பாடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு இணைந்து கீழாநெல்லியைச் சோதித்தனர். 30 நாள் மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. செடியின் இனம், விளைந்த மண், பறித்த பருவம், பக்குவம் செய்யும் முறை ஆகியவற்றால் மூலிகையின் சத்து மாறக்கூடும். ஆகவே, பெயர் ஒன்றாக இருந்தாலும் மருந்து ஒன்றாக இருக்கும் என்பதில்லை.

எண்ணிக்கை சிறிதாக இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கோவிட் காலத்தில் தாய்லாந்தில் 57 நோயாளிகளிடம் நிலவேம்பைச் சோதித்தனர். மூலிகை உண்ட 29 பேரில் எவருக்கும் நிமோனியா வரவில்லை. வெற்று மருந்து உண்ட 28 பேரில் மூவருக்கு வந்தது. கேட்பதற்கு வெற்றிதான். ஆனால் கணக்கில் பிழை இருந்ததால் 2021-இல் ஆய்வாளர்களே அக்கட்டுரையை மீட்டுக்கொண்டனர். சரியாகக் கணக்கிட்டால், மருந்தே இல்லாமலும் தற்செயலாக இத்தகைய முடிவு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு முறை வரக்கூடும். தங்கள் பிழையைத் தாங்களே ஒப்புக்கொண்டது அவர்களின் நேர்மைக்குச் சான்று.

நாம் செய்ய வேண்டியது

மாணவர்களாகிய நம்மிடம்தான் வீட்டில் ஆலோசனை கேட்கப்படுகிறது. மூலிகைப் பொட்டலத்தில் எம்.ஏ.எல். எனத் தொடங்கி 'டி' என்னும் எழுத்தைக் கொண்ட பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தாகப் பாதுகாப்பும் தரமும் மதிப்பிடப்பட்டதை அவ்வெண் காட்டும். நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு அது சான்றன்று. டிங்கி வைரஸை ஒழிக்க அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்னும் இல்லை. எனவே கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால், காய்ச்சல் தணிந்திருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாட்டி சாறு பிழிந்து கொடுத்தால் அந்த அன்பை மறுக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். சாற்றை நம்பி மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப் போடுவதே உயிருக்கு ஆபத்து.

நம்மில் மருத்துவம், மருந்தியல், உயிரியல், புள்ளியியல் பயில்வோர் பலர் உள்ளனர். பாட்டியின் அஞ்சறைப் பெட்டியையும் ஆய்வுக்கூடத்தையும் அறிந்தவர்கள் நாம். கிள்ளானில் தொடங்கிய கேள்வியின் மீதிப் பாதியை நம்மில் ஒருவர் கேட்கலாம். நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது என்று ஆராய்ந்த பிறகே மருத்துவம் செய்யச் சொன்னார் வள்ளுவர். ஆராய்வதும் நம் மரபுதான்!