கூடுதல் ஐபி வாங்கப் போகிறீர்களா?

“நாலு வெப்சைட்டுக்கும் தனித்தனி ஐபி எடுத்துடுங்க சார், எஸ்எஸ்எல் பிரச்சினை இல்லாம ஓடும், கூகுள்லயும் மேல வரும்.” ஹோஸ்டிங் விற்பவர்களிடம் இந்தப் பேச்சை இன்றும் கேட்கலாம். முதல் பாதி ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. எஸ்என்ஐ என்ற ஏற்பாடு எல்லா பிரவுசர்களிலும் பரவிய பிறகு, ஒரே ஐபியில் எத்தனை தளங்களுக்கு வேண்டுமானாலும் சான்றிதழ் போடலாம். இரண்டாம் பாதி வெறும் வியாபாரப் பேச்சு; தனி ஐபி வைத்திருப்பதற்காகக் கூகுள் யாரையும் மேலே தூக்கிவிடுவதில்லை.

தேவைப்படும் இடங்களும் உண்டு. மெயில் அனுப்பும் வேலையைத் தளத்திலிருந்து பிரித்து வைக்க, ஒரே போர்ட்டில் இரண்டு சேவைகளை ஓட்ட, குறிப்பிட்ட ஐபியிலிருந்து வந்தால்தான் ஏற்போம் என்று சொல்லும் பேமென்ட் கேட்வேக்காக. இவற்றில் எதுவும் உங்களுக்கு இல்லையென்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் தேதி தீர்ந்தது. அதனால்தான் முகவரிக்கென்று தனியாகக் காசு கேட்கிறார்கள். அமேசானின் கிளவுடில் 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது 30 நாளுக்கு 3.60 டாலர். பயன்படுத்தினாலும் சும்மா கிடந்தாலும் மீட்டர் ஓடும். எடுத்துவிட்டு மறந்துபோன ஐபிகளுக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் பில்லை ஒருமுறை வரிவரியாகப் படிப்பது நல்லது.

பற்றாக்குறையின் இன்னொரு விளைவு, உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் யாரோ பயன்படுத்திவிட்டுப் போன முகவரி. முந்தையவர் அதிலிருந்து குப்பை மெயில் அனுப்பியிருந்தால், ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியல்களில் அந்த எண் ஏறியிருக்கலாம். நீங்கள் அனுப்பும் முதல் இன்வாய்ஸே 550 என்ற மறுப்பு எண்ணோடு திரும்பி வரலாம். ஆகவே எந்த ஐபி தரப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஸ்பாம்ஹாஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். முன்கூட்டிச் சொல்ல மறுத்தால், கைக்கு வந்த அன்றே பாருங்கள். கறை இருந்தால் மாற்றித் தரச் சொல்லி மெயிலில் கேளுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. பட்டியலிலிருந்து நீக்க ஸ்பாம்ஹாஸ் பணம் வாங்குவதில்லை. அதன் பெயரைச் சொல்லி யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சில வகைத் தடைகளை நீக்கச் சொல்லிக் கேட்க முகவரிக்குச் சொந்தக்காரரான நிறுவனத்தால்தான் முடியும். ஐபிக்கு உரிய பெயரைக் காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவும் அப்படித்தான். அது சரியாக இல்லாத மெயிலை 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கெடுபிடியோடுதான் பார்க்கிறது. ‘அது உங்க வேலை’ என்று நிறுவனம் கைகழுவினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

செர்வரில் ஐபியைச் சேர்ப்பது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியில் சேர்த்தது ரீபூட் ஆனதும் காணாமல் போகும். நிரந்தரமாக வேண்டுமானால், உபுண்டு செர்வரில் நெட்பிளான் கோப்பில் எழுத வேண்டும். அங்கே ஓர் இடைவெளி தவறினாலும் தொலைவிலிருக்கும் செர்வரோடு தொடர்பு அறுந்துபோகலாம். நேரடியாக அப்ளை கொடுக்காமல் ‘நெட்பிளான் ட்ரை’ கொடுத்தால், 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாதபோது அதுவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

உண்மையான ஆபத்து அதற்கப்புறம். எந்தச் சேவை எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று காட்டும் எஸ்எஸ் (ss) கட்டளை போட்டுப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் வரியில் 0.0.0.0:3306 என்று தெரிந்தால், எல்லா முகவரிகளிலும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பழைய ஐபிக்கு மட்டும் எழுதிய ஃபயர்வால் விதி புதிய ஐபியைக் காக்காது. ஐபிவி6 முகவரி சேர்த்தவர்கள் அதற்கும் விதி இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரியில் பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்களைத் தாக்குதல்காரர்கள் அழித்துவிட்டு, மீட்டுத்தரப் பணம் கேட்டுக் குறிப்பு வைத்துப் போனார்கள். டேட்டாபேஸை 127.0.0.1இல் மட்டும் கட்டிப்போடுங்கள்.

யாராவது புகுந்துவிட்டால் அது உங்கள் சொந்த நஷ்டத்தோடு முடிவதில்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்கள் ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் (இலவச எண் 1800-11-4949). லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். செர்வர் வாடகைக்கு விடுபவர், யாருக்கு எந்த ஐபி கொடுத்தோம் என்ற விவரத்தை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்த ஐபியிலிருந்து குற்றம் நடந்தால் விசாரணை முதலில் வந்து நிற்பது உங்கள் பெயரில். ஆகவே நண்பருக்கு உதவி என்று உங்கள் ஐபியைக் கடன் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் எழுத்தில் இருக்கட்டும்.

காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் வணிகத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதாடினால், நுகர்வோர் ஆணையத்தின் கதவு உங்களுக்குத் திறக்காமலே போகலாம். அப்போது கையில் மிஞ்சுவது ஒப்பந்தமும் மெயில்களும்தான். எத்தனை நாளுக்குள் ஐபி மாற்றித் தருவார்கள், தடைப்பட்டியலில் இருந்தால் பணம் திரும்புமா என்ற இரண்டையும் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

வேண்டாம் என்று ஐபியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் வரிசை முக்கியம். டிஎன்எஸ்ஸில் அந்த எண்ணைக் காட்டும் ஏ ரெக்கார்டையும், உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த ஐபிக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியில் இருக்கும் அதே எண்ணையும் முதலில் நீக்குங்கள். நீக்காமல் விட்டால், நாளை அந்த ஐபி யார் கைக்குப் போகிறதோ அவர் உங்கள் தளத்தின் பெயரில் பக்கம் காட்டலாம், உங்கள் பெயரில் மெயிலும் அனுப்பலாம். டிஎன்எஸ் மாற்றம் பரவ ஒரு நாள் விட்டுவிட்டு, பிறகு ஐபியை விடுவித்து, கட்டணம் நின்றதற்கு மெயில் கேட்டு வாங்குங்கள்.